முதுகுக்கு நான் பொறுப்பில்லை

இன்று மரக்காணத்தில் பெரியப்பா மகள் கல்யாணம். போட்டோ எடுக்க வந்தவர் செல்வம். ஸ்டூடியோ கிடையாது, இன்னும் ஃபிலிம் கேமராவோடு தனி ஆளாகத் தொழில் செய்பவர்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. லேப்ல ஃபிலிம் கெட்டுப்போச்சின்னா வாங்கின காசைத் திருப்பிக் குடுத்துடுறேன். கல்யாணத்தைத் திருப்பிக் குடுக்க என்னால முடியாது. தாலி கட்டும்போது குறுக்க வந்து நின்னா உங்க முதுகுதான் விழும். அதுக்கு நான் பொறுப்பில்ல. சரிங்களா?"

"சரி!" என்றது மண்டபம். உப்பளத்திலிருந்து வந்திருந்த பெண்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

முன்பு ஒரு வீட்டில் ரோல் பாழானதற்கு அவருடைய கேமராவையே பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். அதிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் இந்த அறிவிப்பு.

"கையெழுத்து போடுங்கன்னு பேப்பரை நீட்டினா அபசகுனம்னு திட்றாங்க சார். மைக்ல சொன்னா கை தட்றாங்க" என்றார் என்னிடம்.

அசந்துபோனேன். ஒரு மண்டபமே சாட்சியாக இருக்கும் ஒப்பந்தத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "ஏம்பா, தாலி கட்டினது நல்லா விழுந்துச்சா?"

 செல்வத்தை முந்திக்கொண்டு மண்டபம்தான் பதில் சொன்னது. அத்தனை கைகளும் என்னைக் காட்டின. அட்சதை போடும் ஆர்வத்தில் மேடையேறி, சரியாக அவர் கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

ஆல்பம் வருவதற்குள் அக்காவிடம் என்ன சொல்வது என்று யாராவது யோசனை சொல்லுங்கள். இன்று நான் போட்டிருந்த நீலக் கட்டச் சட்டை ஒன்று இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.