இட்லித் தட்டில் தேன்மெழுகு

என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்தால் போதும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்த நேரம் அது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வல்லம் வடகால் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் முடிந்தது, மறுபடி கூப்பிடவில்லை. அதற்கு மனுஷன் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தின்றுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வம்புக்கு இழுத்தாலும் வரவில்லை. சண்டை போடாத புருஷனை வைத்துக்கொண்டு எங்கள் வடக்குப்பட்டில் ஒருத்தி எப்படிப் பொழுதை ஓட்டுவது? எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சன்ஷேடுக்குக் கீழே தேனீ கூடு கட்டியது. தேன் எடுக்கிறவர் ஒருவர் பைக்கில் வந்து, புகை போட்டு, தேனைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, சக்கையான தேனடையை என் கையில் திணித்தார். "தூக்கிப் போட்ராதம்மா, மொழுகு வரும்" என்றார். போனில் தேடினால் ஒரு வெள்ளைக்காரம்மா அதில் மெழுகுவர்த்தி செய்கிறாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் இறைந்து கிடக்கவில்லை, அவள் கையில் ஒரு சொட்டுப் படவில்லை, சிரிப்பு மட்டும் குறையவே இல்லை. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு வருவது எனக்கு வராதா?

அடையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பழைய துப்பட்டாவில் வடிகட்டினேன். செத்த தேனீயும் பிசுக்கும் துணியில் தங்கிவிட்டன. ஆறியதும் தண்ணீருக்கு மேலே மஞ்சளாக ஒரு வட்டு மிதந்தது. வீடு முழுக்கத் தேன் வாசனை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. வட்டை ஒரு சொம்பில் போட்டு, சொம்பைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்து உருக்கினேன். அச்சுக்கு இட்லித் தட்டு. அதை எடுத்த கை, என்னைக் கேட்காமல் இட்லித் துணியையும் நனைத்துப் பிழிந்து விரித்துவிட்டது. காலகாலமாகச் செய்கிற வேலை, அது பாட்டுக்குச் செய்கிறது. நானும் ஊற்றினேன், குழிக்கு ஒரு விளக்குத் திரியை நட்டேன். பாதி மெழுகு தட்டின் ஓட்டை வழியாகத் தரைக்குப் போனது. இறுகியதும் தட்டைக் கவிழ்த்து, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தேன். இட்லி அப்படித்தானே வரும்? இது வரவில்லை. பலமாக இழுத்ததில் துணிதான் கிழிந்தது.

தேனீயின் வம்சத்தையே இழுத்துவைத்துத் திட்டினேன். திரும்பினால் வாசற்படியில் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"இன்னாடி இது?"

"மெழுகுவத்தி."

"துணியோடவா?"

எனக்கு அழுகை முட்டியது. அதைக் காட்டினால் நான் நானா? "தெரிஞ்ச ஆளு நீயே வந்து செய்யி. சும்மா படுத்துகினு இன்னா பண்ற?" என்றேன்.

உட்கார்ந்தார். கிழிந்த துணியோடு ஒட்டியிருந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோல்டு தப்பு, கூலிங் தப்பு, ஆளே தப்பு என்று அடுக்கினார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எவர்சில்வர் டம்ளரின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினார். திரியை ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் கட்டி டம்ளர் வாயின் குறுக்கே வைத்தார். மெழுகை ஊற்றிய கையோடு ஃபிரிட்ஜிலிருந்த ஐஸை எல்லாம் ஒரு டப்பில் கொட்டி, டம்ளரை அதற்குள் இறக்கினார்.

"கம்பெனில கூலிங்குக்குத் தண்ணி ஓடிகினே இருக்கும். சீக்கிரம் மோல்ட வுட்டு எறங்கும், அடுத்தது ஊத்தலாம்."

இறங்கியது. மேலிருந்து கீழ்வரை விரிசல், நடுவில் குழி.

"இது கம்பெனி மாடலா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரும்பக் கட்டிலுக்குப் போய்விடுவாரோ? அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"துணி இல்ல பாரு" என்றார்.

"இங்க இன்னா டார்கெட்டா கீது? மெதுவா ஆறட்டும்" என்று நான் மறுபடி உருக்கி ஊற்றி, டம்ளரைப் பழைய துண்டில் சுற்றி வைத்தேன். மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் தட்டியதும் முழுசாக வந்தது. நான் தீப்பெட்டியை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். ஷிப்ட் ஆரம்பித்தால் முதல் பீஸைப் பார்த்து ஓகே சொல்லுகிறவரை மெஷினை ஓட்டக்கூடாதாம். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். இப்போது நான் நின்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தார், நகத்தால் கீறினார், தரையில் நிறுத்திச் சாய்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"ஓகே. ஓட்டு" என்றார்.

ஏற்றினேன். திரியைச் சுற்றிக் கிணறு மாதிரிக் குழி விழுந்து, அதற்குள்ளேயே மூழ்கி அணைந்தது.

"இதுக்கா ஓகே சொன்ன?"

"பீஸு ஓகேதான். திரி சப்ளையர் ஃபால்ட்டு" என்றார். சப்ளையர் நான்தான்.

மறுநாள் காலையில் என்னை உலுக்கி எழுப்பினார். குளித்து, சட்டை போட்டிருந்தார்.

"என் ஷூ எங்கடி? ஒரகடத்துல ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். போய்ப் பாத்துட்டு வரேன்."

அவருடைய சேஃப்டி ஷூவைத்தான் பின்கதவு அடிக்காமலிருக்க நான் முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றின் மூக்கில் முந்தின நாள் மெழுகு ஒரு சொட்டு விழுந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. குனிந்து நகத்தால் சுரண்டப் போனேன்.

"வுடு, இருக்கட்டும்" என்றார்.

அதோடே போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனார். முட்டு இல்லாமல் பின்கதவு அன்றைக்கெல்லாம் டமால் டமால் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.