கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா

போட்டோவில் புகையாக ஓர் உருவம் தெரிகிறது என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள் என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான். கல்யாண போட்டோகிராபர். பேயை நம்பிக்கொண்டிருந்தால் எங்கள் பிழைப்பு ஓடாது. அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன்.

போன தை மாதம் கொல்லிமலையில் ஒரு கல்யாணம். அங்கே சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள்; திருப்புலி நாட்டில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பெண் வீடு, வாசலிலேயே பந்தல். விடிவதற்கு முன்பே அடிவாரத்திலிருந்து வண்டியைக் கிளப்பி, வளைவு வளைவாக ஏறி, தலைசுற்றலோடு போய் இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனி. கல்யாணப் பெண் பெயர் செல்வி. அலங்காரம் முடிந்து வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தது.

"ஏனுங்கண்ணா, எங்கம்மாவுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லீங்க. ஆதார் கார்டுல இருந்ததத்தான் பெருசு பண்ணி மாட்டியிருக்கறோம், மூஞ்சியே தெரியாது. என்னோடதாச்சும் தெளிவா வரணுங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மாலை போட்ட படம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிதான் இருந்தது. மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டதாம் அந்த அம்மா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அசத்திப்புடலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் மூடவில்லை, கேமரா மக்கர் பண்ண ஆரம்பித்தது. செல்வியை நிறுத்தி பட்டனை அழுத்தினால் லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறது, ஓடி எங்கேயோ போய் நிற்கிறது, பெண் மங்கலாகத் தெரிகிறாள். பனியாக இருக்கும் என்று நினைத்தேன். பனியில் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்காமல் ஃபோகஸ் தடுமாறுவது வழக்கம்தான். வெளிச்சத்துக்கு நகர்த்தினேன், அதே கதை. லென்ஸைக் கழற்றி அது கேமராவைத் தொடுகிற உலோகப் புள்ளிகளைத் துடைத்துப் போட்டேன், வேறு லென்ஸ் மாட்டினேன், பேட்டரி மாற்றினேன், செட்டிங்கை எல்லாம் அழித்துப் புதிதாக வைத்தேன். ஃபோகஸைக் கையால் திருகிப் பார்க்கலாம் என்றால் பனியில் என் மூக்குக்கண்ணாடியே மூடிக்கொண்டது. நம்பினால் நம்புங்கள், மாப்பிள்ளை பக்கம் திருப்பினால் சட்டென்று பிடிக்கிறது, பந்தல் கால், வாழைமரம் எல்லாம் பிடிக்கிறது, செல்வியிடம் வந்தால் மட்டும் ஓடுகிறது. லென்ஸின் மேல் தூரம் காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் கைக்கெட்டும் தூரத்திலேயே வந்து நின்றிருந்தது. எனக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

செல்வியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி பக்கத்தில் வந்து நின்றார். "என்னுங்க தம்பி, மிசினு ஏதாச்சும் தொந்தரவு பண்ணுதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க, பனி" என்றேன். எனக்கோ அந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. தாலியை மறுபடி ஒரு தடவை கட்டச் சொல்லி எடுக்க முடியுமா?

மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். அழுத்துகிறேன், லென்ஸ் ஓடி அதே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற பேச்சு ஒன்று உண்டு. எந்தக் கல்யாணத்திலும் பெண்ணைக் கிட்டத்தில் பார்க்கிற ஆசையில் யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ கேமராவை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த எரிச்சலில், அந்தப் பழக்கத்தில், வெறும் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, மறைக்குது."

பீப் என்று கேமரா ஒரு சத்தம் கொடுத்தது. செல்வியின் கண்ணிமை முடி வரைக்கும் தெளிவு. தாலி கட்டியது, குங்குமம் வைத்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை.

"யாரைங்க தம்பி சொன்னீங்க?" என்றார் அப்பா.

"பழக்கதோசமுங்க" என்றேன். அவர் எனக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பயம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட மனசு கஷ்டப்பட்டது. நகரச் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருகிற சனங்களைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த அம்மா ஒரு சொல்லுக்கு ஒதுங்கிக்கொண்டதே.

குடும்ப போட்டோவுக்கு எல்லோரும் நெருக்கியடித்து நின்றபோது, "செல்விக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் உடுங்க" என்றேன்.

"எதுக்குங்க நடுவுல சந்து?" என்று சித்தப்பா கேட்டார்.

"போட்டோவுக்கு அப்பத்தானுங்க நல்லாருக்கும்" என்று புளுகினேன். அப்பா உடனே ஓரடி விலகி நின்றார். நான் மெதுவாக, "வந்து நில்லுங்கம்மா" என்று சொல்லி அழுத்தினேன். ஒரே பிடியில் பிடித்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். செல்விக்கும் அப்பாவுக்கும் நடுவில் பனி மட்டும்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கேமரா எந்த இடத்தைப் பிடித்தது என்று காட்டுகிற சின்னச் சிவப்புக் கட்டத்தை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். அது செல்வி முகத்தில் இல்லை, மாப்பிள்ளை முகத்திலும் இல்லை. அப்பாவின் தோள் உயரத்தில், அந்த இடைவெளியில் இருந்தது. வெறும் பனியில் ஃபோகஸ் நிற்காது, எந்த போட்டோகிராபரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேமராவைச் சர்வீஸில் கொடுத்தும் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார்கள்.

அந்தக் கட்டத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிரிண்ட் போட்டால் கட்டம் விழவும் விழாது. சித்திரையில் வேறொரு வேலையாக மலைக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். சுவரில் ஆதார் படம் இல்லை. அது இருந்த ஆணியில் நான் எடுத்த குடும்ப போட்டோ தொங்கியது.

"அம்மா படத்தைக் கழட்டிப்புட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அதுல மூஞ்சியே தெரியலீங்களே தம்பி" என்றார் அப்பா. "இதுல நல்லாத் தெளிவா இருக்கறா பாருங்க."

சொல்லிக்கொண்டே படத்தின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினார். சிவப்புக் கட்டம் இருந்த அதே இடம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பனிதான் தெரிந்தது.