சுங்க மாளிகையின் மொட்டைமாடிக்கு வழி

ஒரு துறைமுக ஊரின் பழைய சுங்க மாளிகையை நான் நான்கு மாதம் அளந்தேன். அப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் பெயர் வாங்கியவர். திங்கட்கிழமை தாம்பரத்தில் ரயிலேறினால் வெள்ளிக்கிழமைதான் சேலையூர் வீட்டுக்குத் திரும்புவேன். அவர் மாளிகைக்கு வந்தது ஒரே ஒரு நாள். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிட்டார்.

கடலைப் பார்த்த பக்கம் கீழே பதினோரு வளைவுகள், மேலே பதினோரு வளைவுகள். அந்த அழகைத் தாண்டி உள்ளே போனால்தான் கட்டியவனின் புத்தி தெரியும். சரக்கை எடை போட்ட கூடம் இரண்டு மாடி உயரம்; அதிகாரி மேலே தன் அறை வாசலில் நின்றபடியே கீழே மூட்டை பிரிப்பதைப் பார்க்கலாம். ஆனால் சுவரில் எங்குமே மழைநீர்க் குழாய் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பல நாள் விளங்கவில்லை. கூடத்து மர அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் ஆள் ஒருக்களித்து ஏறும் அளவுக்கு ஒரு சுழல் படிக்கட்டு. அதில் மொட்டைமாடிவரை ஏறிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: கடலோரச் சுவர் இரட்டைச் சுவர், நடுவே சுட்ட மண் குழாய்கள். இறங்கும்போது ஒரு படி உடைந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடுதான் மீதிப் படங்களை வரைந்தேன்.

எல்லாம் புத்தகமாகி வந்தபோது முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அளந்ததும் அவர், வரைந்ததும் அவர் என்று போட்டிருந்தது.

"சார், என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலம்மா. டேப் புடிச்சவங்க பேரெல்லாம் போட்டா அது டிராயிங்கா, கல்யாணப் பத்திரிகையா?"

ஆபீஸே சிரித்தது. அன்றே வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பழுதுபார்க்கும் வேலையைக் கொடுக்குமுன் துறைமுகத்துப் பொறியாளர் நேரில் பார்வையிட வருவார் என்பதும் தெரியும். காத்திருந்தேன்.

பொறியாளர் ஒரு பெண். புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். நான்கைந்து அதிகாரிகளும் கூட வந்தார்கள்.

"மொட்டைமாடியப் பாக்கணும். நீங்களே அளந்திருக்கீங்க, வழி காட்டுங்க சார்."

சார் பெரிய மரப்படியில் நம்பிக்கையோடு ஏறினார். எல்லோரும் பின்னால் ஏறினோம். உச்சியில் இருந்த கதவை இழுத்துத் திறந்தார். எதிரே செங்கல் சுவர். அந்த வழி எப்போதோ அடைக்கப்பட்டது. படத்தில் எழுதியே இருந்தேன்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எங்கம்மா வழி?"

"நீங்கதானே சார் அளந்தீங்க?"

பொறியாளர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப யாரும்மா அளந்தது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

அலமாரியை நகர்த்தி அவர்களை மேலே கூட்டிப்போனேன். சார் மட்டும் கீழேயே நின்றுவிட்டார். மாடியில் குழாய்வாயில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். சுவருக்குள் அது கடைசிவரை இறங்கும் சத்தத்தைப் பொறியாளர் குனிந்து கேட்டார்.

அளந்தவர்தான் வேலைக்குப் பொறுப்பு என்று துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. சார் சம்மதிக்கவில்லை. வேலை குரோம்பேட்டையில் இன்னொரு அலுவலகத்துக்குப் போனது, நானும் போனேன்.

சார் போன் செய்தார். "அத்தனை பேர் முன்னாடி என்னைப் பழி வாங்கிட்டியேம்மா."

"ஆமா சார்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் சொல்லும்போது, நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதைப் பற்றிய வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொண்டேன்.