கோமளா படித்த கடைசி வரி

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் கோமளா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளுவார். இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். அதுவரை நாம் குனிந்து கேட்க வேண்டியிருந்த குரல் சட்டென்று நிமிரும்: "பெருந்துறை வாழ் பொதுமக்களே, தாய்மார்களே!" பதிவு முடிந்ததும் பழைய குரலுக்கே திரும்பி, "செரியா வந்துதுங்களா?" என்று கேட்பார்.

எங்கள் ஊரில் விளம்பர ஆட்டோக்களிலிருந்து வரும் பெண்குரல் இவருடையதுதான். ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி, நர்சரிப் பள்ளி, காணாமல்போன நாய்க்குட்டி என்று எல்லாவற்றுக்கும் இருபது வருடமாக இவரே ஊரை அழைக்கிறார். வயது நாற்பத்தாறு. மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் தாளில் வேப்பிலை மாதிரி சின்னதாக ஒரு குறி போட்டுக்கொள்வார். விலையைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். "சிரிக்காமச் சொன்னா வெல கூடுதலாத் தெரியுமுங்க." ஒலிப்பதிவு அறைக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சிப்காட் ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் பெருகினார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பாதி முகங்கள் அவர்களுடையவை. கடைக்காரர்கள் இந்தியிலும் விளம்பரம் வேண்டும் என்றார்கள். கோமளாவுக்கு இந்தி தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி, பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் மினதியிடம் படித்துக் காட்டுவார். மினதி ஒடிசாக்காரி. பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஐந்து வருடத்தில் 'ங்க' போட்டுப் பேசும் தமிழைப் பிடித்துக்கொண்டவள். "அக்கா, அண்ணனைக் கூப்புடற 'பாயி'ன்னா வயித்துல இருந்து காத்து வரணுங்க" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். இருவரும் சிரித்துச் சிரித்து ஒரு வரியைப் பத்துத் தடவை சொல்வார்கள். கோமளாவின் இந்தி நன்றாக வந்தது. ஈரோட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

போன தீபாவளிக்குக் கிருபாசங்கரின் ஜவுளிக்கடைக்கு இந்தி விளம்பரம். தாளின் அடியில் ஒரு வரி மட்டும் பேனாவால் புதிதாக எழுதியிருந்தது. மினதி ஷிப்டில் இருந்தாள். "இது என்னங்க கடைசில?" என்று கோமளா கேட்டார். "கடை ரூல்ஸ்தானுங்க அம்மணி. படிச்சுருங்க, ஆட்டோ காத்துட்டிருக்குது" என்றார் கிருபாசங்கர். கோமளா அந்த வரியில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தார். பிறகு படித்தார்.

ஆரிஃப் ஓட்டும் விளம்பர ஆட்டோ நான்கு நாள் லைன் வீடுகளைச் சுற்றியது. ஞாயிறு சாயங்காலம் மினதி கோமளா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உங்க குரல் கூப்புட்டுச்சேன்னு போனேனுங்க அக்கா. கடைசில என்னமோ சொன்னீங்க, ஆட்டோ தாண்டிப் போயிருச்சு, கேக்கலீங்க. அங்க போனா, எங்களுக்குப் பின்வாசலாம். பையக் கொட்டிப் பாத்தாங்க. எம்பட வீட்டுக்காரரு பாக்கெட்டுல கை விட்டாங்க. மைக்குலயே சொல்லிட்டமேன்னு சொன்னாங்க."

கோமளா தாளை எடுத்து அந்த வரியைப் படித்துக் காட்ட, அர்த்தத்தையும் அவளே சொன்னாள். 'திருட்டைத் தடுப்பதற்காக, வெளிமாநிலத்தார் பின்வாசல் வழியாகச் சோதனைக்குப் பிறகே உள்ளே வரவும்.'

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே கோமளா போய் நின்றார். கிருபாசங்கர் நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். "உங்களையா சொன்னோம்? அவிங்களத்தானுங்களே. இதுக்குப் போயி வருத்தப்படறீங்க." கோமளா உட்காரவில்லை. அந்த வரி இல்லாமல் வேறு பதிவு போட்டுக்கொள்ளக் கிருபாசங்கர் சம்மதித்தார். பின்வாசலில் சோதனை மேசை மட்டும் அப்படியே இருக்கும் என்றார்.

மினதி இப்போதும் எதிர்ப்பட்டால் சிரிக்கிறாள். கோமளா தாளை எடுத்தால்தான், "ஷிப்ட் இருக்குதுங்க அக்கா" என்று நகர்ந்துவிடுகிறாள். இந்தி விளம்பரத்துக்கு யாராவது வந்தால் தொண்டை சரியில்லை என்று கோமளா அனுப்பிவிடுகிறார். ஒருநாள் என் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார்.

"தெரியாமப் படிச்சுப்போட்டன்னு மினதிகிட்டச் சொன்னனுங்க. அவளும் பரவால்லீங்க அக்கான்னுட்டா. ஆனா அது பொய்யிங்க. அவ செல்போன் காணாமப் போனப்ப, ச்சோரி, ச்சோரின்னு என்ற தோளப் புடிச்சுட்டு அழுதாளே. திருட்டுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. அந்த வரில மொத வார்த்தையே அதுதான். பாத்தேன். வாய் நின்னுச்சு. ஆட்டோ காத்துட்டிருக்குதுன்னாரு. படிச்சுப்போட்டேன்."

அவர் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா காட்டு வேலைக்குப் போனவீங்க. தாராபுரத்துல ஜவுளிக்கடைப் படி ஏற உட மாட்டாங்களாம். கீழ நின்னே கைய நீட்டி வாங்கிட்டு வந்த சேலையத்தான் என்ற கல்யாணத்துக்குங் கட்டுனா. அவ மகதானுங்க நான்."

மினதியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜவுளிக்கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தப் போனேன். பின்வாசலில் பத்துப் பதினைந்து வடமாநில இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் கோமளா. அவர் முறை வந்ததும் காவலாளி பதறி எழுந்தார்.

"அக்கா, நீங்க எதுக்குங்க இங்க? முன்னால வாசல்ல போங்க."

கோமளா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பை முழுதாக இழுத்துத் திறந்து, மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார்.