காது கேட்காத நாய்க்கு ஒரு டிராப்

எங்கள் வீட்டில் என் இசைக்கு ஒரே ஒரு ரசிகன். அவனுக்குக் காது கேட்காது.

அவன் எங்கள் நாய். ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடு. இவன் அதில் முதல் ரகம். தலைமாட்டில் அணுகுண்டு வெடித்தாலும் வாலை அசைக்க மாட்டான். ஆனால் மாடி அறையில் நான் பேஸை, பாட்டின் அந்தக் கனத்த அடிச்சத்தத்தை, திறந்துவிட்டால் தரை அதிரும். உடனே விருட்டென்று எழுந்து, கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்ற இடத்திலேயே குதிப்பான். அவன் எழுந்தால் பாட்டு சரி. எழவில்லையென்றால் நான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மற்றவர்கள் இதைச் சோதிக்க என்னென்னவோ மிஷின் வைத்திருக்கிறார்களாம். என்னிடம் இருப்பது நாய்.

நான் செய்வது ட்ரேப் இசை. அதிலும் வெளிநாட்டு மைதானங்களில் பல்லாயிரம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்களே, அந்த வகை. ஒரு தாளம் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்துக்கொண்டே போகும். உச்சிக்குப் போனதும் எல்லாச் சத்தமும் சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு வயிற்றில் குத்துகிற மாதிரி பேஸ் வந்து விழும். அப்படி விழுவதற்குப் பெயர்தான் டிராப். நடுவில் நிற்கிற இடம் இல்லாவிட்டால் டிராப்புக்கு உயிரே இல்லை. என் மானம் கப்பலேறியது அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான்.

அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு என்றால் அவருக்கு வார்த்தை வேண்டும். வார்த்தை இல்லாதது எல்லாம் இரைச்சல். மாடிப்படி பாதி ஏறி நின்று, "ஏட்டி, இது பாட்டா, போர்வெல்லா?" என்று கேட்பார். போலந்தில் ஒருவன் என் பாட்டைப் போட்டு ஒரு கூட்டமே ஆடிய வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"குளிருக்கு ஆடுதான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசியிருப்பேன். என் போன் என்பதால் விட்டேன். ஆனால் அன்று சோறு சாப்பிடும்போது அவரே பந்தயத்தைப் போட்டார்.

"எங்கயோ கெடக்கிற போலந்துக்காரன் ஆடி நமக்கு என்ன? நம்ம தெரு அம்மன் கோயில் பொங்கல்ல இதப் போடு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு ஆடட்டும். மாடி ஒனக்கு. பொறவு நான் வாயத் தொறக்கல. ஒருத்தரும் ஆடலன்னா திங்கக்கெழம ஒங்க மாமா பேண்டேஜ் கம்பெனிக்கு பில்லு போடப் போற. மாடியில நான் நெல்லு மூட்டைய அடுக்கிக்கிடுதேன்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அப்பா விழாக் கமிட்டியில் இருந்தார். என்னைத் தோற்கடிக்க அவரே அலைந்து எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் பெண்கள் முளைப்பாரி எடுத்துக் கிளம்பும் வரை மைக் செட் என் கையில். மைக் செட் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆளுயரப் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். அத்தனை பெரிய பெட்டியில் என் பேஸை நான் கேட்டதே கிடையாது.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டேன். எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் மைக் செட் வாயை மூடக் கூடாது. கொஞ்சம் நின்றாலும், "என்னப்பா, ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். அதனால் அந்த அண்ணன் இன்னொரு பிளேயரில் அம்மன் பாட்டை எப்போதும் சத்தம் குறைத்து ஓடவிட்டு, விரலைத் திருகில் வைத்தபடியே இருப்பார். ஒன்று நின்றால் மற்றதைத் திருகிவிடுவார். "என் செட்டு ஊமையாச்சுன்னு ஒரு பய சொல்லக் கூடாது தாயி" என்றார், பெருமையாக.

பாட்டு தொடங்கியது. வேகம் ஏறும் பில்டப்பில் வரும் சத்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தப்பா பால்கோவா கிண்டும்போது நான் போனில் பிடித்தது. கரண்டி இரும்புச் சட்டியைச் சுரண்டும் சத்தம், சரக், சரக் என்று. அதை வேகமாக்கி, இன்னும் வேகமாக்கி, மேலே ஏற்றியிருந்தேன். முளைப்பாரியோடு நின்ற ஒரு அத்தை, "ஏட்டி, எங்கயோ கோவா கிண்டுதாக" என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சுரண்டல் உச்சிக்குப் போனது. எல்லாம் நின்றது.

அம்மன் பாட்டு வந்தது.

பெண்கள் நிம்மதியாகக் குலவை போட்டார்கள். நான் ஓடினேன்.

"அண்ணே, எதுக்கு மாத்துனீங்க?"

"நின்னு போச்சே தாயி."

"அது நிக்கணும்ணே!"

"நிக்கிறதுக்கு எதுக்கு ஒரு பாட்டு?"

மறுபடி போட்டேன். கையை வைக்க மாட்டேன் என்று ஆத்தா மேல் சத்தியம் செய்தார். பாட்டு நின்றதும் அவர் விரல் தானாகத் திருகியது. "கை பழகிப்போச்சு" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டார். எதிரே நாயைச் சங்கிலியில் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நெல் மூட்டைக்கு அப்போதே இடம் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

அண்ணனைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். மைக்கைப் பிடித்து ஊருக்கே அறிவித்தேன்: "பாட்டு நடுவுல நிக்கும். யாரும் பதறாதீங்க. அது அப்படித்தான்."

மறுபடி சரக், சரக். வேகம் ஏறியது. அண்ணன் கையைக் கட்டி, கண்ணை மூடி, ஆடாமல் நின்றார். நிற்க வேண்டிய இடம் வரும் முன்பே எல்லாம் நின்றது. அம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

கரண்ட் போய்விட்டது.

வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை. "அண்ணே, கரண்ட் போயிருச்சு, ஜெனரேட்டரப் போடுங்க!" என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "போகல தாயி. அது அப்படித்தான்" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று திரும்பியவள் தெருவைப் பார்த்தேன். ஒருவர்கூடப் பேசவில்லை. முளைப்பாரிப் பெண்கள் அசையவில்லை. கமிட்டித் தலைவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். இத்தனை பேர் சேர்ந்து என் டிராப்புக்காகக் காத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டைப் பின்னால் இழுத்து, டிராப்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்க, அப்பா அடிக்குரலில் சொல்வது கேட்டது: "சும்மா இருங்க, இன்னும் செத்த நேரத்துல வரும்."

ஏதோ அவரே போட்ட பாட்டு மாதிரி!

சிவப்பு விளக்கு எரிந்தது. விரலை அழுத்தினேன்.

தெருவே அதிர்ந்தது. கூட்டம் ஓரடி பின்னால் போனது. உள்ளதைச் சொல்ல வேண்டும், யாரும் ஆடவில்லை, பயந்துதான் போனார்கள். ஆனால் நாய்க்குக் காலடியில் தரை அதிர்ந்ததே! விருட்டென்று எழுந்தவன் குதிக்கத் தொடங்கினான். சங்கிலி அப்பா கையில். அவன் இடப்பக்கம் குதித்தால் அப்பாவும் இடப்பக்கம், வலப்பக்கம் குதித்தால் வலப்பக்கம். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி பந்தலுக்கு முன்னால் பட்டாளத்துக்காரர் துள்ளினார். பெண்கள் குலவை போட்டார்கள். விசில் பறந்தது. அண்ணன் கையைக் கட்டியபடியே அழுதார்.

"நாயி இழுத்துச்சு. அது ஆட்டத்துல சேராது" என்றார் அப்பா வீட்டுக்கு வந்ததும்.

"கடேசியில சங்கிலிய விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்குனீகளே, அதுவும் நாயி தூக்குனதா?" என்றாள் அம்மா.

அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அடுத்த நாளும் அதைப் பற்றிப் பேச்சில்லை. திங்கட்கிழமை காலையில் நான் தலை சீவி, டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தேன். பந்தயம் பந்தயம்தான்; அப்பா ஒப்புக்கொள்ளாதவரை ஆடியது நாய்தான், நாய் ஆளாகாது. கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய சேலையைப் போர்த்தினேன்.

படியில் சத்தம் கேட்டது. அப்பா இந்த முறை பாதியில் நிற்கவில்லை. நாயோடு முழுப் படியும் ஏறி வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டப் போடு."

சேலையை எடுத்துவிட்டுப் போட்டேன். சரக், சரக். உச்சிக்குப் போய் நின்றது. டிராப் விழுந்தது. நாய் குதித்தான். அப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"இது இல்லட்டி. அன்னைக்கு எம்புட்டு நேரம் நின்னுச்சு! எனக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு. கரண்டு போச்சுன்னு பொறவு சொன்னாக, இருந்துட்டுப் போகட்டும். இது மூக்குச் சிந்துற நேரங்கூட நிக்க மாட்டேங்குது." உள்ளங்கையை நாய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் பதித்துவைத்தார். "நீட்டு. நீட்டிட்டு மறுபடி போடு."