அடக்கமேட்டுக்கு மச்சாளோடு போன நாள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டிய சந்தியில் மச்சாள் நிறுத்தச் சொன்னார்.

"அடக்கமேட்டைப் பாத்திட்டுப் போவம்."

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கலியாணம் கட்டவில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தபோது, "எங்கட இடத்துக்குத்தானே திரும்பி வந்திருக்கிறம்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். மாமனார் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. தங்களுடையது வன்னி அரசர்களின் வம்சம். காட்டுக்குள் அவர்களுடைய பூந்தோட்டமும், அவர்களை அடக்கம் செய்த மேடும் இன்னும் இருக்கின்றன என்பார். அந்த வம்சத்துக்குத் தகுதியில்லை என்று மச்சாளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களை மாமனார் திருப்பி அனுப்பினார். அவர் கண்மூடிய பிறகு வந்த நாலாவதை மச்சாளே வேண்டாம் என்றார்.

அந்த நாட்களில் மச்சாளின் கடைசித் தங்கைக்கு நெளுக்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை லொறி ஓட்டுபவர். தங்கைக்கு விருப்பம், என் கணவருக்கும் சம்மதம். மச்சாள் மட்டும் "ஆக்கள் ஆரெண்டு தெரியாது" என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாடுகள் களைச்சுப் போச்சுது. இன்னொரு நாளைக்குப் போவம்" என்றார் கணவர்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். இனி ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு வரப்போகினம்?"

அவர் வண்டியைக் காட்டுப் பக்கம் திருப்பினார். நான் அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கால் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. பாலை மரங்களுக்கு நடுவே மணல் பாதையில் இரண்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனோம்.

சின்னக் குன்று அது. அடிவாரத்தில் சேறு தெரியும் ஒரு குளம். அதிலிருந்து மேல்நோக்கி ஐந்து தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் செதுக்கிய கல்லால் கட்டிய அணை. சில இடங்களில் மர வேர்கள் கல்லைப் பிளந்து தள்ளியிருந்தன. கீழ்த் தட்டுகள் மூன்றிலும் எள்ளு பூத்திருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு முஸ்லிம் கமக்காரர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நானா, இதுவோ ராசாவின்ர பூந்தோட்டம்?" என்று மச்சாள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அப்பிடித்தான் சொல்லுகினம், அக்கா. எங்கட வாப்பா வந்த காலத்தில வெறுங்காடு. இந்தக் கல்லுக்கட்டால மழைக்கு மண் அள்ளுப்படாது. அதாலதான் எள்ளுப் போட்டனாங்கள்."

"ராசாக்களின்ர இடத்திலயோ?"

அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த களையை வரம்பில் போட்டார். "மேல நாங்கள் கை வைக்கயில்லை. வாங்கோ, காட்டுறன்."

ஒவ்வொரு தட்டிலும் மச்சாள் நின்று மூச்சு வாங்கினார். எனக்கும் அது வசதியாக இருந்தது. உச்சியில் முள்ளு வெட்டித் துப்புரவாக்கிய ஒரு வெளி. அதில் ஆறு கல்மேடைகள், பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வருசத்துக்கு ஒரு தடவை பற்றை வெட்டுவதாக அந்த மனிதர் சொன்னார். ஏன் என்று கணவர் கேட்டார். "செத்த ஆக்கள்தானே. ஆரெண்டாலும் என்ன."

"இதில ராசா எது?" என்று மச்சாள் கேட்டார்.

"அது ஒருத்தருக்கும் தெரியாது, அக்கா."

மச்சாள் நம்பவில்லை. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஆறாவதையும் தடவி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு எழுத்துக்கூட இல்லையோ?"

"இல்லை, அக்கா."

கோயிலிலிருந்து கொண்டுவந்த கற்பூரம் அவருடைய சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்தெடுத்தவர் எந்தக் கல்லுக்கு முன்னால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் வெறும் நிலத்தில், நடுவில் வைத்துக் கொளுத்தினார். காற்று அணைத்துவிட்டது. மறுபடி கொளுத்தினார், மறுபடியும் அணைந்தது. நெருப்புப் பெட்டியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்த மேடை ஒன்றின் விளிம்பிலேயே இருந்துவிட்டார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

மச்சாள் என்னைப் பார்த்து, "முதல் வந்த சம்பந்தம் ஒரு வாத்தியார். உனக்குத் தெரியுமோ, பிள்ளை?" என்றார்.

"தெரியாது, மச்சாள்."

"நல்ல மனிசனெண்டு பிறகு கேள்விப்பட்டன்."

அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். பக்கத்தில் போய் இருந்தேன். கல் நல்ல சூடாக இருந்தது. அந்த மனிதர் இறங்கிப் போய் ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு இலையில் பாலைப்பழமும் கொண்டுவந்து தந்தார். மச்சாள் தண்ணீரை மட்டும் குடித்தார்.

திரும்பி வரும்போது என் மடியில் தலை வைத்து வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். எனக்குத் தொடை மரத்துப்போனது. ஆனாலும் அசையவில்லை.

வீட்டில் நாலு நாள் காய்ச்சலாகப் படுத்தார். ஐந்தாம் நாள் குசினிக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவரிடம், "அந்த லொறிக்காரப் பொடியன்ர ஆக்களை வரச் சொல்லு" என்றார்.

"மனம் மாறிட்டுதோ, அக்கா?"

"மாறயில்லை. வேண்டாமெண்டு சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன்."

உள்ளே தங்கை பாயிழைக்கும் சரசரப்பு நின்றது. அவள் வெளியே வரவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மச்சாள் காலையிலிருந்து பந்தி பார்த்தார். மாப்பிள்ளை அவருடைய காலில் விழ வந்தபோது தோளைப் பிடித்துத் தடுத்தார். "இருக்கட்டும், தம்பி. சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்ட, தானே ஒரு இலையை எடுத்துத் துடைத்துப் போட்டார்.