சுடுதண்ணீர் ஊற்றிய சட்டை

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி பஸ் வந்து நின்றால், இறங்குகிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். மருந்து கலக்குகிறவர்களின் மூக்கிலும் கன்னத்திலும் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளியாக மினுங்கும். அக்கா மகள் அழகுமீனாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். சட்டையைப் பார்த்து ஓடுவாள். என் மச்சான் காளீஸ்வரனிடம் வேலைக்கென்று இருந்தது சந்தனக் கலரில் ஒரே ஒரு பருத்திச் சட்டை.

அதைத் தினமும் சாயங்காலம் அக்கா மாரிசெல்வி கொதிக்கிற தண்ணீரில் சோடா போட்டு ஊற வைப்பாள். பச்சைத் தண்ணீருக்கு அந்தப் பவுடர் போகாது. கல்யாணமான மறுவாரத்திலிருந்து அவள் கைக்குப் பழகிப்போன வேலை.

தீபாவளி சீசன் சமயத்தில், மச்சான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பக்கத்து அறை வெடித்தது. பறந்து வந்த கல் முகத்தில் அடித்தது. உயிர் பிழைத்தார். இரண்டு கண்ணும் போய்விட்டன.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனோம். தையல் போட்டு வீங்கிய முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு, அக்காவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி வைத்தபடியே கிடந்தார் மச்சான்.

“ஏளா, நான் வீட்டுக்கு வாரப்ப அந்தச் சட்டையக் கொண்டு வந்திரு. அதப் போட்டாத்தான் புள்ள என்னையக் கண்டுக்கிரும்.”

சட்டை ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. ஊருக்கு வந்ததும் வராததுமாக அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். சட்டையை வாளியில் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். பக்கத்து வீட்டு முருகம்மாள் மதினி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? மாசாமாசம் உன் துணிய அலசுறவதான நீ? ரத்தத்துக்குப் போயி யாராச்சும் சுடுதண்ணி ஊத்துவாகளா?”

அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சட்டையின்னதும் கை தானா ஊத்திருச்சு மதினி.”

சூடு பட்டால் ரத்தம் நூலுக்குள் ஏன் இறுகிப்போகிறது என்று கெமிஸ்ட்ரி படித்த எனக்குச் சொல்லத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்தப் படிப்பு எதற்கென்று பல தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கும் யோசித்தேன்.

பச்சைத் தண்ணீரில் கல்லுப்புப் போட்டு ஊற வைத்தாள். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வெயிலில் போட்டாள். சிவப்பு போயிற்று. காலரிலிருந்து பாக்கெட் வரைக்கும் பழுப்பாக ஒரு கறை அப்படியே நின்றது.

“பிளீச்சிங் பவுடர் போட்டா போயிரும்க்கா,” என்றேன்.

“கலரும் சேந்து போயிரும்ல. புள்ளைக்குக் கலர்தான அடையாளம்.”

வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே அந்தச் சட்டையைப் போட்டுவிட்டாள். பொத்தான் மாட்டும்போது மச்சான் கேட்டார்.

“கறை போயிருச்சா?”

“போயிருச்சுங்க.”

கார் வீட்டு வாசலில் நின்றது. பிள்ளை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். முருகம்மாள் மதினிதான் குரல் கொடுத்தாள்.

“ஏ அழகு, கம்பெனி பஸ்சு வந்திருச்சுட்டி. உங்கப்பன் இன்னைக்கி கார்ல வந்திருக்காரு, மொதலாளி கணக்கா. வந்து பாரு.”

மச்சான் படியில் உட்கார்ந்து கையை நீட்டியபடி இருந்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். பிள்ளை மெல்ல வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்தாள். பிறகு கறையில் விரலை வைத்தாள்.

“அப்பா, டீயக் கொட்டிட்டியா?”

மச்சான் முகம் அக்கா நின்ற பக்கம் திரும்பியது.

“ஆமா தாயி,” என்றார். “சுடச்சுடக் கொட்டிட்டேன்.”

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். அதைப் பற்றி அவர்கள் பிறகு பேசினார்களா என்று எனக்குத் தெரியாது.

தீபாவளி முடிந்து வேலை தொடங்கியபோது அக்கா கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ் வந்து நிற்கும். அழகுமீனா இறங்குகிற முகங்களைப் பார்க்காமல், சந்தனக் கலரைத் தேடி ஓடுவாள். இருட்டியதும் அக்கா தண்ணீரைக் கொதிக்க வைப்பாள்.